மூன்று முழம் டேப்

சார்,

போன வாரம் படாளம் போயிருந்தேன். எங்கள் அண்ணன் மேட்டு நிலத்தில் வேர்க்கடலை போட்டிருக்கிறார். முளை தலைகாட்டுகிற சமயம். காக்காயும் மைனாவும் வந்து கிண்டிவிடும் என்று நிலம் நெடுகக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி பழைய வீடியோ டேப்பை இழுத்துக் கட்டியிருந்தார். காற்று வந்தால் அந்த டேப் அதிர்ந்து, வண்டுகள் கூட்டமாகப் பறக்கிற மாதிரி ஓசை எழுப்பும். வெயிலில் திரும்பித் திரும்பி மின்னும். பறவை கிட்டே வராது. நான் வரப்பில் நின்றுகொண்டு, டெலிவரி ஆன ஃபிரிட்ஜில் கீறல் என்று சண்டை பிடித்த ஒருவரைச் செல்போனில் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அந்த ஓசை காதில் விழுந்ததும் பேச்சைப் பாதியில் விட்டேன். போனை வைத்துவிட்டேன்.

"இன்னாடா, மூஞ்சி இப்டிப் போச்சு?" என்றார் அண்ணன். "உன் கடை சரக்குதான் இது. இன்னும் ஒரு பொட்டி உன் பரண்மேல கீது இல்ல? அதயும் குட்த்துடு. மேலாண்ட கொல்லி நெலத்துக்குப் பத்தல."

"அது கெடையாது."

"அத வெச்சுகினு இன்னா பண்ணப் போற? போட்டுப் பாக்க உங்கிட்ட டெக்கு கூட கெடையாது."

அந்தப் பெட்டியில் 217ஆம் நம்பர் கேசட் இருக்கிறது, சார். அதிலிருந்து மூன்று முழம் டேப்பை இதே அண்ணனுக்கு, இதே வேலைக்காக, முன்பே ஒருமுறை கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீங்கள் இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும். சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமல் இல்லை. வாரம் இரண்டு முறை என் கடைக்கு வந்துகொண்டிருந்தவர் நீங்கள்.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் இருந்த அந்தக் கடையில் முன்பாதி எஸ்.டி.டி. பூத், பின்பாதி வீடியோ கேசட் வாடகை. நீங்கள் முதலில் எனக்குப் போன் வாடிக்கையாளர். அணுமின் நிலையக் குடியிருப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை என்று குடும்பத்தைத் திருநெல்வேலிப் பக்கம் ஊரிலேயே விட்டுவிட்டு, ஒற்றை அறையில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, திருநீறு வைத்து, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து கண்ணாடி அறைக்குள் நிற்பீர்கள். அதன் கதவு சரியாக மூடாது. "ஏ குட்டி, அப்பா பேசுதேன். என்ன சாப்ட்ட? தோசையா? எத்தன?" என்று நீங்கள் கேட்பது எனக்கும் கேட்கும். மூன்று வருஷம் அந்தக் குழந்தை தின்ற தோசைக்கெல்லாம் நானும் சாட்சி.

பிறகு குவார்ட்டர்ஸ் கிடைத்தது. குடும்பம் வந்தது. அடுத்த ஞாயிறும் பழக்க தோஷத்தில் கடைக்கு வந்து நின்றீர்கள்.

"யாருக்குப் போன் சார் இப்போ?" என்றேன்.

"யாருக்கும் இல்ல அண்ணாச்சி." சிரித்தீர்கள். "புள்ள எங்கிட்ட வரமாட்டேங்கா. 'இவரு வேண்டாம், போன்ல வார அப்பா வேணும்'னு ஒரே அழுக. நான்தாம்ட்டி அதுன்னா நம்ப மாட்டேங்கா."

நானும் சிரித்தேன். அன்றுதான் முதன்முதலாகப் பின்பாதிக்கு வந்து கேசட் எடுத்தீர்கள். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒரே ஆள் நீங்கள்தான். உங்கள் ஊரில் கடைக்காரர் என்றால் அண்ணாச்சி. எங்கள் ஊரில் கடை வைத்திருக்கும் உங்கள் ஊர்க்காரர்தான் அண்ணாச்சி. "நான் படாளத்துக்காரன் சார், நாங்கள்லாம் அண்ணாத்த" என்று எத்தனையோ முறை சொன்னேன். கேட்கவில்லை.

இனி 217இல் இருந்த அந்தப் படம். இங்கிலீஷ் படம். நம் பக்கத்துத் தியேட்டர் எதிலும் வராத படம். பர்மா பஜாரில் வாங்கிய கள்ளக் காப்பிதான், மறைக்க என்ன இருக்கிறது. எனக்குப் புரிந்த அளவில் கதை இவ்வளவுதான். ஒரு கேப்டன் தூரத்து நட்சத்திரத்துக்குப் போகிறான். பன்னிரண்டு வருஷம் அவனைத் தூங்க வைத்துவிட்டு, அவன் முகமும் குரலும் கொண்ட ஒரு எந்திரம் கப்பலை ஓட்டுகிறது. பூமியிலிருந்து அவன் மகள் பேசும்போதெல்லாம் அதுதான் அப்பா குரலில் பதில் சொல்கிறது. கேப்டன் விழிக்கும்போது கப்பல் பழுது. திரும்பி வர ஒரே ஆள் உட்காரும் கூண்டு ஒன்றுதான் மிச்சம். கேப்டனுக்கு வலது கை வெந்து கட்டுப் போட்டிருக்கிறது. கூண்டின் வாசலில் மனிதனும் எந்திரமும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அடுத்த காட்சியில் கூண்டு கடலில் விழுகிறது. கையில் கட்டோடு ஒருவன் கரையேறுகிறான். வளர்ந்துவிட்ட மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைக்கிறாள். அவன் குடிக்கிறான். படம் முடிந்தது.

வாசலில் நின்றதற்கும் கடலில் விழுந்ததற்கும் நடுவில் என்ன நடந்தது? நம் ஊர் கேசட்டில் அந்த இடத்தில் நாலு கோடு ஓடும், 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும், நேரே கடல். அவ்வளவுதான்.

அந்தச் 'சர்ர்' நான் செய்தது, சார்.

இரண்டு டெக்கைப் பக்கத்தில் வைத்து அந்தப் படத்தைக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். கடற்காற்றில் டெக்குக்குள் எப்போதும் ஈரம். சரியாக அந்த இடத்தில் டேப் சிக்கியது. இழுத்து எடுத்தால் கசக்கிய காகிதம் மாதிரி வந்தது. இதெல்லாம் வாரம் நாலு முறை நடப்பது. கேசட்டுக்கு அடியில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றி, கசங்கியதை பிளேடால் வெட்டி, பின்பக்கம் செல்லோடேப் ஒட்டி, மறுபடி மூடினேன். வெட்டியதைப் பூக்காரம்மா அளக்கிற மாதிரி முழங்கையில் சுற்றினேன். மூன்று முழம். ஒரு நிமிஷப் படம் இருக்கும். அண்ணனுக்காக வைத்திருந்த பையில் போட்டேன். ஒட்டுப்போட்ட கேசட்டிலிருந்தே இன்னும் மூன்று காப்பி எடுத்து மாமல்லபுரம், செங்கல்பட்டு கடைகளுக்கும் கொடுத்தேன். இந்தப் பக்கம் யார் எங்கே அந்தப் படத்தை எடுத்தாலும் அதே இடத்தில் அதே சர்ர்.

நீங்கள் பார்த்துவிட்டு மறுநாள் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் நேரே வந்தீர்கள். கேசட்டை நெஞ்சோடு பிடித்திருந்தீர்கள். "அண்ணாச்சி, அந்தக் கூண்டு வாசல் சீன்ல கோடு விழுதே, கவனிச்சீங்களா?" என்றீர்கள். டேப் சரியில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து, வழக்கமான பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டேன்.

"என்னா மூளவே அந்த டைரக்டருக்கு!" என்றீர்கள்.

நான் விழித்தேன்.

"மனுசன் கண்ணுக்கு நடுவுல வெட்டு விழுமா? கண்ண மூடுனா இருட்டுதான் வரும், கோடு வராதுல்லா? மிஷினுக்குத்தான் வெட்டு விழும். அப்ப அந்த எடத்துலருந்து நாம மிஷின் கண்ணால பாக்கோம். கரைக்கு வந்தது யாரு? சொல்லுங்க பாப்போம்."

"மிஷினா சார்?"

"மிஷின்தான்! கேப்டன் தன் கட்ட அவுத்து அதுக்குக் கட்டி அனுப்பிட்டு, அங்கயே இருந்துட்டான். ஏன்? அந்தப் புள்ளைக்கு அப்பான்னா அந்தக் குரல்தான். இவன் போய் நின்னா அவளுக்கு அந்நியன்லா."

நீங்கள் கண்ணாடி பூத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. அப்போதே, "சார், அது நான் வெட்டினது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு டீ குடித்திருப்போம். நான், "சூப்பர் சார், எனக்கு இது தோணவே இல்ல" என்றேன்.

அதோடு விட்டேனா? வியாபாரி விடுவானா? உங்கள் யோசனையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். குடியிருப்பில் சண்டை மூண்டது. சோடா புட்டிக் கண்ணாடி போட்ட ஒரு இளம் பொறியாளர் மனிதன் கட்சிக்குத் தலைவர். நீங்கள் மிஷின் கட்சி. கல்லாவில் இரண்டு டப்பா வைத்து, மனிதன், மிஷின் என்று எழுதி ஒட்டி, பாட்டில் மூடி போட்டு ஓட்டுப் போடச் சொன்னேன். ஓட்டுப் போடுவதற்காகவே மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 217 அலமாரியில் நின்றதே இல்லை. என் பிளேடுக்கு இவ்வளவு சக்தி என்று எனக்கே ஆச்சரியம்.

பொறியாளர் ஒருநாள் கடையில் வைத்தே உங்களைக் கேட்டார். "ஒரு கோட்ட வச்சு இவ்ளோ பெரிய முடிவா சார்?"

"ரெண்டாவது சாட்சி இருக்கு தம்பி" என்றீர்கள். "அந்தத் தண்ணி. மூணு தடவ வாய்க்குக் கொண்டு போறான். டம்ளர்ல தண்ணி கொறையல. நான் படத்த நிறுத்தி, டிவி மேல ஸ்கேல் வச்சு அளந்துட்டேன்."

"அது ஷூட்டிங்ல விட்ட தப்பு சார். டம்ளர மாத்தியிருப்பாங்க."

"இருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம்லா?"

அதற்கடுத்த ஞாயிறு நான் கேசட் கொடுக்க மாமல்லபுரம் கிளம்பினேன். நீங்களும் மொபெட்டில் பின்னால் ஏறிக்கொண்டீர்கள். பையில் ஒரு கண்ணாடி டம்ளர், ஸ்டீல் ஸ்கேல், தண்ணீர் பாட்டில். படகுகள் ஏற்றிவைத்திருந்த மணலில் என்னை உட்கார வைத்து, வாயால் உறிஞ்சாமல் குடிக்கிற மாதிரிக் காட்ட முடிகிறதா என்று சோதனை. நான் ஒரு வாய் குடிப்பேன். நீங்கள் குனிந்து அளப்பீர்கள். "நடிக்காதீங்க அண்ணாச்சி. தொண்டையில எறங்கட்டும். இப்ப நடிங்க. இப்ப நிசமா குடிங்க." ஏழெட்டு டம்ளர் ஆகியிருக்கும். சிப்பி மாலை விற்கிற அம்மா ஒருத்தி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா நைனா, வைத்தியமா?"

"ஆராய்ச்சிம்மா" என்றேன்.

"தண்ணி குடிக்கிறதுக்கா ஆராய்ச்சி? உங்க ரெண்டு பேர் பொண்டாட்டிக்கும் இது தெரியுமா?" டம்ளரை என் கையிலிருந்து பிடுங்கி, ஒரே மூச்சில் காலி செய்து, உங்களிடம் நீட்டினாள். "இந்தா, கொறஞ்சிட்ச்சு. எழுதிக்கோ."

விக்கல் வருகிற வரை சிரித்தீர்கள். பிறகு, அவள் போன பின்னால், டம்ளரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "வெளாட்டா தெரியும் உங்களுக்கு. ஆனா அண்ணாச்சி, நான் சொல்லுதது சரின்னா, ஒருத்தன் புள்ளைக்காகத் தன் மூஞ்சியவே விட்டுக்குடுத்திருக்கான். தப்புன்னா அது சும்மா ஒரு படம்."

கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதுதான் எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல சந்தர்ப்பம். நான், வெயில் ஏறுது சார், கெளம்பலாம் என்றேன்.

குடியிருப்புக் கிளப்பில் அந்தக் கூட்டம் நடந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. கேசட் காலம் முடிந்து டி.வி.டி. வட்டு வந்துவிட்டது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு, "கரைக்கு வந்தது யார்?" என்று நீங்கள் இருபது நிமிஷம் பேசுவதாக நோட்டீஸ் போட்டிருந்தார்கள். பெரிய டிவியும் பிளேயரும் என் வாடகை. புது டிவிகளும் கேபிள் சாமானும் கிளப்புக்கு யார் போடுவது என்று அந்த மாதம்தான் முடிவு செய்ய இருந்தார்கள். அதனால் நான் கிளப் செயலாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தீர்கள். பெரிய சார்ட்டில் டம்ளரைப் பென்சிலால் வரைந்து, தண்ணீர் மட்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தீர்கள். முன்வரிசையில் உங்கள் மனைவி. பக்கத்தில் இரட்டைப் பின்னலோடு பாப்பா. அப்போது பத்து வயசு இருக்கும். போன் அப்பாவெல்லாம் மறந்து, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே வந்தாள்.

நன்றாகத்தான் பேசினீர்கள். கோடு, வெட்டு, மிஷின் கண். கைகூடத் தட்டினார்கள். அப்போது பொறியாளர் எழுந்து, மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்று ஒரு வட்டை எடுத்தார். "சார் தப்பா நெனைக்கக் கூடாது. அந்த சீன மட்டும் பார்த்துடலாம்."

நானே பிளேயரில் போட்டேன்.

கூண்டு வாசலில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். கோடு இல்லை. சர்ர் இல்லை. ஒரு நிமிஷம் காட்சி ஓடுகிறது. கையில் கட்டுப் போட்டவன் கூண்டுக்குள் ஏறுகிறான். கதவு மூடுகிறது. கட்டில்லாதவன் வெளியே நிற்கிறான். பிறகு கடல்.

"கையில கட்டு பார்த்தீங்களா? ஏறினது கேப்டன்தான்" என்றார் பொறியாளர். சபையில் சலசலப்பு. பின்னாலிருந்து ஒருவர், "அப்ப சார் தேஞ்ச கேசட்டுக்கா இவ்ளோ நாள் அர்த்தம் சொல்லிட்டிருந்தாரு?" என்றதும் சிரிப்பு கிளம்பியது.

நீங்கள் டிவியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். "அண்ணாச்சி, நம்ம கேசட்ல இது இல்லையே?"

கோபமே இல்லாத கேள்வி. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது. சபை முழுக்க என் வாடிக்கையாளர்கள். இந்தக் கேசட் வெட்டு என்றால் எந்தக் கேசட் முழுசு என்று கேட்பார்கள். பக்கத்தில் செயலாளர். அவ்வளவும் அரை நொடியில் என் தலைக்குள் ஓடி முடிந்தது.

"எங்கிட்ட வந்தது முழுசா அப்டியேதான் கீது சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த எடத்துல நீங்க தூங்கிட்டிருப்பீங்க. கேப்டனே பன்னெண்டு வருசம் தூங்கறான், நீங்க ஒரு நிமிசம் தூங்கினா இன்னா?"

அதே கோட்டை அவரவர் வீட்டில் பார்த்தவர்களும் சேர்ந்து சிரிக்க, கிளப்பே அதிர்ந்தது. செயலாளர் தொடையில் தட்டிச் சிரித்தார். நீங்கள் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டே, "இருக்கும் அண்ணாச்சி. தூங்கியிருப்பேன்" என்றீர்கள்.

இதை எழுதக் கை வரவில்லை, சார். நான் சொன்ன பொய்யை நீங்களே வாங்கி உங்கள் தலையில் வைத்துக்கொண்டீர்கள். ஒரு சொல் எதிர்த்துப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பாரம் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு குடியிருப்பில் உங்களுக்கு 'மிஷின் சார்' என்று பெயர் வந்ததும் எனக்குத் தெரியும். கடைக்கு ஒரே ஒருமுறை வந்தீர்கள். உங்களிடம் இருந்த 217ஐக் கொடுத்து, "சேத்துக்கிடுங்க" என்றீர்கள். வேறு படம் எடுக்கவில்லை. கிளப்புக்கு டிவி போடும் வேலை எனக்கே கிடைத்தது. அதை வைத்துத்தான் செங்கல்பட்டில் இப்போதைய கடையைப் பிடித்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாகப் பார்த்தது செங்கல்பட்டு ஸ்டேஷனில். இளைத்திருந்தீர்கள். "என்ன அண்ணாச்சி, பெரிய கடையாமே? சந்தோசம்" என்று கையைப் பிடித்தீர்கள். பாப்பா பத்தாவதில் நல்ல மார்க் என்றீர்கள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வண்டி வந்தது. வண்டி வந்ததால்தான் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வண்டி ஐந்து நிமிஷம் நின்றுதான் கிளம்பியது. ஊரில் வைத்து நீங்கள் நெஞ்சு வலியில் போய்விட்ட சேதி எனக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் வந்தது.

படாளத்திலிருந்து திரும்பிய மறுநாள் அந்தப் படத்தின் வட்டைத் தேடிப் பிடித்தேன். மதியம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, இருப்பதிலேயே பெரிய டிவியில் போட்டேன். கிளப்பில் நான் அந்தக் காட்சியைச் சரியாகப் பார்க்கவில்லை. எல்லாரும் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்கள். நான் உங்கள் முகத்தைத் தவிர்ப்பதிலேயே குறியாக இருந்தேன். இப்போதுதான் முழுசாகப் பார்த்தேன்.

கட்டுப் போட்டவன் ஏறுகிறான். கதவு மூடுகிறது. கட்டில்லாதவன் வெளியே நிற்கிறான். படம் கூண்டுக்குள் இருப்பவன் முகத்தைத்தான் பெரிதாகக் காட்டுகிறது. ஆனால் அவனுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மங்கலாக, வெளியே நிற்பவன் திரும்பி நடந்து போய் ஒரு குவளையை எடுக்கிறான். குடிக்கிறான். தொண்டை ஏறி இறங்குகிறது. காலிக் குவளையைக் கவிழ்த்து வைக்கிறான். ஒரு சொட்டு விழவில்லை.

நான் அதை ஏழு முறை ஓட்டிப் பார்த்தேன், சார். டிவி மேல் ஸ்கேல்கூட வைத்தேன். கப்பலில் தங்கியவன்தான் தண்ணீர் குடித்தான். வீட்டுக்கு வந்தவன் குடிக்கவில்லை. கட்டை யாருக்கு வேண்டுமானாலும் கட்டலாம் என்று நீங்கள் முதல் நாளே சொன்னீர்கள். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. நான் வெட்டி எறிந்தது உங்களுக்கு எதிரான சாட்சி என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது உங்கள் சாட்சி. கிளப்பில் "நான்தான் வெட்டினேன், மறுபடி ஒருமுறை போடுங்கள், சார் பார்க்கட்டும்" என்று நான் சொல்லியிருந்தால், தண்ணீரையே பார்த்துப் பழகிய உங்கள் கண் அதை விட்டிருக்காது. உங்களைத் தலைகுனிய வைத்து, அதைப் பார்க்க விடாமல் செய்தது என் ஒரு வாய்ப் பேச்சு. அந்த மூன்று முழத்தில் இருந்ததெல்லாம் ஒரு மழைக்காலம் முழுக்கப் படாளத்தில் மைனா விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பழைய செயலாளரிடம் கேட்டுப் பாப்பாவின் நம்பர் வாங்கினேன். பொத்தேரியில் காலேஜ் படிக்கிறாள், ஹாஸ்டல். சனிக்கிழமை போனேன். மெயின் ரோட்டு ஓட்டல் ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்தோம். உங்கள் மூக்கு அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். சிக்கியது, பிளேடு, மூன்று முழம், குவளை. வட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"தண்ணி மேட்டர் தெரியும் அங்கிள்" என்றாள். "வீட்ல என்னையும் உட்கார வச்சு அளப்பாரு. அந்தக் கோடு நீங்க பண்ணதா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு ஏன் சொல்லல?"

"வியாபாரம்மா." வேறு எதைச் சொன்னாலும் பொய்.

ஓட்டல்காரர் வந்து, "வேற இன்னா சார்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் வட்டின் உறையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"உங்கள நான் என்ன சொல்ல முடியும் அங்கிள்?" என்றாள். "தூங்கிட்டீங்கன்னு நீங்க சொன்னதும் நானும் சிரிச்சேன். எல்லாரையும்விடச் சத்தமா. அப்பா திரும்பி என்னப் பார்த்தாரு. அதுக்கப்புறம்தான் 'இருக்கும், தூங்கியிருப்பேன்'னாரு."

என் முன்னால் தண்ணீர் டம்ளர் இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் எடுத்துக் குடித்தேன். கீழே வைத்ததும் அவள் கண் தானாக டம்ளருக்குப் போனது. என் கண்ணும் போனது. ஒரு வாய் அளவுக்குக் குறைந்திருந்தது.

பாரத்தை இறக்கிவைக்கத்தான் போனேன். நான் இறக்க வேண்டியதில் பாதியை ஒரு பத்து வயசுப் பிள்ளை இத்தனை வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அண்ணன் மறுபடி போன் செய்து பெட்டியைக் கேட்டார். மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டேன். 217ஐக் கல்லா மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். கடையில் யாரையாவது கிண்டல் செய்ய வாய் திறந்தால் டிராயரின் நினைவு வருகிறது. பக்கத்தில் அவர்கள் பிள்ளை ஏதாவது நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

ஒன்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த மாலையில் நடந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்கள் சட்டையின் மடிப்பு, சிவப்புக் கோடு, செயலாளர் தொடையில் தட்டியது. சிரிப்பு எழுந்ததற்கும் நீங்கள் பேசியதற்கும் நடுவில், நீங்கள் திரும்பிப் பாப்பாவைப் பார்த்த அந்த ஒரு நிமிஷம் மட்டும் இல்லை. நானும் அங்கேதான், கண்ணைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு ஓட்டிப் பார்த்தாலும் சிரிப்பு, உடனே சார்ட்டைச் சுருட்டுகிற கை. நடுவில் ஒன்றும் கிடையாது.

மனுசன் கண்ணுக்கு நடுவில் வெட்டு விழாது என்றீர்கள். நீங்கள் சொன்னதில் அது ஒன்றுதான் தப்பு, சார்.